திரும்பி வந்த மகன்
கொட்டியாரக் குடாவின் ஒரு வரலாறும் நமக்கான கேள்வியும்

திருகோணமலையில் படித்த நம்மில் எவருக்கும் கொட்டியாரக் குடா புதிய பெயரல்ல. மூதூரிலிருந்து லோஞ்சில் வந்து இறங்கிப் பாடசாலைக்கு ஓடிவந்த தோழிகள் நம் வகுப்புகளில் இருந்தார்கள். கடல் கொந்தளிக்கும் மாரி நாட்களில் அவர்களுடைய இருக்கைகள் வெறுமையாக இருக்கும். அந்தக் குடாவின் தென்கரையில், மூதூர்ப் பக்கத்தில், 'வெள்ளைக்காரன் மரம்' என்று சொல்லப்பட்ட ஒரு புளியமரமும் அதனடியில் ஆங்கிலேயர் காலத்து நினைவுக்கல் ஒன்றும் இருந்ததை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம்.

அந்த மரத்தடியில் பிடிபட்டவர்களின் கதையை நாம் வரலாற்றுப் பாடத்தில் இரண்டு வரிகளில் படித்தோம். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் கண்டி மன்னனிடம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்தார். தப்பிச் சென்று 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பரீட்சைக்கு அது போதுமாக இருந்தது. ஆனால் அந்த நூலின் பிற்பகுதியில் நொக்ஸ் தம் கதையையும் சொல்லியிருக்கிறார். அதில் ஒரு நாளின் நிகழ்ச்சி, பாடப்புத்தகம் தொடாமல் விட்ட நிகழ்ச்சி, நம் ஊர்ப் பிள்ளைகள் அனைவரும் ஏதோ ஒரு வடிவில் சந்தித்த கேள்வியைக் கேட்கிறது. பிறருக்காக நம்மை இழப்பதா, நம் வாழ்வை நாம் காத்துக்கொள்வதா? நூற்றாண்டு மலரில் அதைப் பேசுவது பொருத்தம் என்று எண்ணுகிறோம்.

கப்பல் வந்த கதை

கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில் இருந்த 'ஆன்' என்ற கப்பல் 1658இன் தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டது. தந்தை கப்பற்றலைவர், மகனும் உடன் வந்தார். இருவருக்கும் ஒரே பெயர், றொபேட் நொக்ஸ். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகே நங்கூரமிட்டிருந்தபோது பெரும் புயல் அடித்தது. கப்பலைக் காப்பாற்றப் பாய்மரத்தை வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதிய மரம் நாட்டவும், அந்த இடைவேளையில் கொஞ்சம் துணி வியாபாரம் செய்யவும் கப்பலைக் கொட்டியாரத்துக்குப் போகுமாறு பணித்தார்கள். காற்றுக்கு ஒதுங்க வசதியான குடா, மகாவலி கடலில் கலக்கும் இடம், பக்கத்திலேயே நல்ல காட்டு மரம். பழுது பார்ப்பதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கரையிலிருந்த மக்கள் அவர்களை அன்பாக நடத்தினார்கள். ஆனால் நாட்டின் அரசியல் நிலைமை அன்பானதாக இருக்கவில்லை. கண்டியில் இரண்டாம் இராசசிங்கன் ஆண்டுகொண்டிருந்தான். போத்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, 1656இல் கொழும்பு வீழ்ந்த பின்னர் அதே ஒல்லாந்தரால் ஏமாற்றப்பட்டவன் அவன். கடல் வழியாக வரும் எந்த வெள்ளையரையும் அவன் நம்பத் தயாராக இல்லை. முறைப்படி திருமுகமும் பரிசும் அனுப்பாமல் தந்தை அசட்டையாக இருந்துவிட்டார் என்பதையும் நொக்ஸே ஒப்புக்கொள்கிறார். படையோடு வந்த திசாவை நயமாகப் பேசி, 1660 ஏப்ரலில், மரத்தடியில் அமர்ந்திருந்த தந்தையையும் உடனிருந்தவர்களையும் பிடித்துக்கொண்டான். மகனும் பிடிபட்டார். காட்டில் மரம் வெட்ட வந்த படகுக்காரரும் அகப்பட்டார்கள். எல்லாமாகப் பதினாறு பேர்.

ஒரு வாக்கு

ஆட்களைப் பிடித்தது திசாவைக்குப் போதவில்லை. கப்பலும் வேண்டும். அதை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு கட்டளை அனுப்பும்படி கப்பற்றலைவரை நெருக்கினான். தாம் எழுதி அனுப்பினால் கப்பலில் உள்ளவர்கள் நம்பமாட்டார்கள், மகனை அனுப்பினால்தான் ஆகும் என்று தந்தை சாதுரியமாகச் சொல்ல, திசாவை இணங்கினான்.

மகனிடம் தந்தை இரண்டு காரியங்களை ஒப்படைத்தார். முதலாவது, கப்பலில் உள்ளவர்கள் ஒருக்காலும் உள்ளே வரக்கூடாது, எச்சரிக்கையாக இருந்து கப்பலைக் காத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, மகன் தம்மை இந்த நிலையில் கைவிட்டுவிடாமல் திரும்பி வரவேண்டும். தம் ஆசீர்வாதத்தின் பேரிலும், இறுதித் தீர்ப்பு நாளின் பேரிலும் அவர் அதைக் கேட்டார். மகன் வாக்களித்தார்.

அவருக்கு அப்போது வயது பத்தொன்பது. நம் பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் வயது. கப்பலுக்குப் போனார். சுற்றிலும் தம் மொழி பேசும் ஆட்கள், பீரங்கிகள், திறந்த கடல். அங்கேயே இருந்துவிட்டால் எவரும் அவரைத் தொட்டிருக்க முடியாது. தந்தையின் கட்டளையைச் சொன்னார். கப்பற்றலைவரின் சொல்லுக்கோ வேறெவருடைய சொல்லுக்கோ இவ்விடயத்தில் தாங்கள் பணியப்போவதில்லை என்று அவர்கள் ஒரு கடிதம் எழுதித் தரும்படி செய்தார். பழி தந்தையின் மேல் விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. கடிதத்தை வாங்கிக்கொண்டு கரைக்குத் திரும்பினார். பின்னர் கப்பல் அவர்களை விட்டுப் புறப்பட்டது.

எதை வைத்து நிறுப்பது?

இதைக் கணக்காகப் பார்த்தால் மகன் செய்தது நட்டம். அவர் திரும்பி வந்ததால் தந்தைக்கு விடுதலை கிடைக்கவில்லை. பிடிபட்டவர்களின் தொகை ஒன்று கூடியதுதான் மிச்சம். தந்தையும் மகனும் ஏழு கோறளையில் பண்டார கொஸ்வத்தை என்ற ஊரில் வைக்கப்பட்டார்கள். இருவரையும் காய்ச்சல் பிடித்தது. 1661 பெப்ரவரி 9ஆம் திகதி தந்தை இறந்தார். வாக்குக் கொடுத்துப் பத்து மாதமே ஆகியிருந்தது. மகன் அதன் பிறகு பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே கிடந்தார்.

ஆனால் அந்த மரணத்தைப் பற்றி நொக்ஸ் எழுதியிருப்பதைப் படித்தால் கணக்குப் பிசகுகிறது. அடக்கம் செய்ய அயலவரின் உதவியைக் கேட்டபோது, அவர்கள் மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து உடலைக் காட்டுக்கு இழுத்துப் போடலாம் என்றார்கள். காய்ச்சலோடிருந்த மகன் அதற்கு உடன்படாமல், வேலைக்காரச் சிறுவனோடும் கூலிக்கு அமர்த்திய ஒருவரோடும் தந்தையைச் சுமந்து சென்று புதைத்தார். மகன் கப்பலில் போயிருந்தால் அந்தக் கயிறுதான் முடிவாக இருந்திருக்கும். இதை எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் பதிவது?

கப்பலில் போனவர்களைத் தன்னலக்காரர் என்று சொல்லிவிடவும் முடியாது. அவர்கள் உள்ளே வந்திருந்தால் இன்னும் பல குடும்பங்கள் தகப்பனில்லாமல் போயிருக்கும். போகச் சொன்னவர் தலைவரே. தம்மை மீட்கும் பேரத்துக்குரிய ஒரே பொருளான கப்பலை அவர் கைவிட்டார். ஆகவே அந்த ஒரே நாளில் மூன்று காரியங்கள் நடந்தன. ஒருவர் தம் பொறுப்பிலிருந்தவர்களுக்காகத் தம் விடுதலையை விட்டார். மற்றவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்கள், அது சரியானதே. ஓர் இளைஞர் வாக்கைக் காக்கத் திரும்பி வந்தார்; அதுவும் சரியானதே. போனவர்கள் சரி என்றால் வந்தவர் மூடர் என்றோ, வந்தவர் உத்தமர் என்றால் போனவர்கள் கோழைகள் என்றோ ஆகிவிடாது.

தந்தையின் கடைசிச் சொல்

இறப்பதற்கு முந்திய மாலை தந்தை மகனை அருகே அழைத்தார். கடவுளுக்குப் பணிந்து நட, தம்பியையும் தங்கையையும் பார்த்துக்கொள் என்று சொன்ன பிறகு, கொட்டியாரத்து நிகழ்ச்சியைப் பற்றிப் பேசினார். மகன் இளமையின் சிறந்த காலத்தில் சிறைப்பட்டிருப்பதைக் காணத் தம் மனம் நோகிறது என்றார். திரும்பி வரும்படி கட்டளையிட்டதற்காகத் தாம் இப்போது மனதார வருந்துவதாகவும் சொன்னார். ஆனால் கீழ்ப்படிந்ததற்காக நீ வருந்தாதே என்றார்.

முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்திய இந்த வார்த்தைகளில் ஒரு தெளிவு இருக்கிறது. தியாகம் செய்தது தவறல்ல, அதைக் கேட்டது தவறு என்று தந்தை இரண்டையும் பிரித்துப் பார்த்தார். நாம் பெரும்பாலும் பிரிப்பதில்லை. ஒருவர் செய்த தியாகத்தைப் புகழும்போது அதைக் கேட்டவரையும் சேர்த்துப் புகழ்ந்துவிடுகிறோம். கேட்டவர் பிழை செய்தார் என்று சொன்னால் கொடுத்தவரை அவமதித்ததாக எண்ணிக்கொள்கிறோம். சாகும் தறுவாயில் இருந்த ஒரு மாலுமிக்கு இந்தக் குழப்பம் இருக்கவில்லை.

கேட்கப்படாதவர்கள்

நொக்ஸின் வாழ்க்கை அங்கே முடியவில்லை. தொப்பி பின்னியும் நெல்லைக் கடன் கொடுத்தும் ஊர் ஊராகச் சாமான் விற்றும் பிழைத்தார். 1679 ஒக்டோபரில் ஸ்ரீபன் றட்லன்ட் என்ற தோழருடன் காடு கடந்து, மன்னார்ப் பக்கத்து அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். உடன் சிறைப்பட்டிருந்த ஓர் ஆங்கிலேயரின் மகளான லூசியாவை அவர் தம் பிள்ளையாக வளர்த்திருந்தார். தப்பியபோது அவளை விட்டுவிட்டே போனார். தம் காணியைப் பின்னர் அவளுக்கு எழுதிக் கொடுத்தார். தந்தைக்காகத் திரும்பி வந்தவரும் ஒரு நாள் ஒரு பிள்ளையை விட்டுப் போக வேண்டியிருந்தது.

அவரை உத்தமராக உயர்த்த விடாத இன்னொரு செய்தியும் உண்டு. ஊர் திரும்பிய பின்னர் அவர் மீண்டும் கம்பனியின் கப்பலுக்குத் தலைவரானார். மடகாஸ்கரிலிருந்து அடிமைகளை வாங்கி சென். ஹெலினாத் தீவுக்குக் கொண்டுபோகும் வேலையையும் ஏற்றார். இருபது ஆண்டு அடைபட்டுக் கிடந்தவருக்கு மற்றவர்களை அடைத்துக்கொண்டு போவது கடினமாகத் தோன்றவில்லை. தன் இரத்தத்துக்காகத் தன்னை இழக்கத் துணிந்த ஒருவர் அந்நியருக்காகச் சிறு இலாபத்தையும் இழக்க மாட்டார் என்பது மனித இயல்பில் நாம் அடிக்கடி காண்பதுதான்.

தந்தையின் உடலைச் சுமக்க உதவிய வேலைக்காரச் சிறுவனை இங்கே நினைக்க வேண்டும். சோழமண்டலக் கரையில், பறங்கிப்பேட்டையிலிருந்து அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அவனும் தந்தையோடு மகனோடு அதே காட்டில் கிடந்தான். திரும்பி வா என்று அவனை எவரும் ஆசீர்வாதத்தின் பேரில் கேட்கவில்லை. போகவா என்று அவனும் கேட்க வாய்ப்பில்லை. நூலில் அவனுக்குப் பெயர்கூட இல்லை. கைதிகளுக்கு முறைவைத்துச் சோறு போடும்படி பணிக்கப்பட்ட ஏழைக் குடியானவர்களும் அப்படியே. ஒருவருடைய தியாகத்தின் கதையைச் சொல்லும்போது, விருப்பம் கேட்கப்படாமலே விலை கொடுத்தவர்கள் அந்தக் கதையின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

நம் காலத்தில்

நம் தலைமுறை 'தியாகம்' என்ற சொல்லை மேடையிலும் சுவரொட்டியிலும் ஒலிபெருக்கியிலும் அளவுக்கு மேல் கேட்டது. கேட்டவர்கள் பல தரப்பினர். கொடுத்தவர்களில் நம்மோடு ஒரே வாங்கில் இருந்தவர்களும் உண்டு. விரும்பிக் கொடுத்தவர்களை நாம் மதிக்கிறோம். விரும்பாமல் எடுத்துச் செல்லப்பட்டவர்களையும் அதே சொல்லால் மூடிவிடுவது அவர்களுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம். கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தத் தந்தையைப் போல, கேட்டதற்காக வருந்துகிறேன் என்று சொன்னார்கள்?

அதே மூதூரில் 2006 ஆகஸ்ட் 4ஆம் திகதி நடந்ததை நாம் மறக்க முடியாது. பட்டினிக்கு எதிராகப் பணிபுரியும் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர் பதினேழு பேர், தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். ஆழிப்பேரலையில் எல்லாம் இழந்த மக்களுக்கு உதவுவது அவர்களுடைய தொழில். இதற்காக இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

அவர்களைத் தியாகிகள் என்று அழைப்பது எளிது. ஆனால் அவர்கள் சாவைத் தெரிவு செய்யவில்லை. ஒரு வேலையைத் தெரிவு செய்தார்கள். சம்பளம் கிடைக்கும், வீட்டுக்கு உதவும், ஊருக்கும் பயன்படும் வேலை. அதில் தன்னலமும் பிறர்நலமும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன. நல்ல தொழில் எல்லாம் அப்படித்தான் இருக்கும். கிணறு துப்புரவாக்கவும் தண்ணீர் கொடுக்கவும் போகும் ஒருவர் உயிரையும் கொடுக்க வேண்டியிருக்கும் நாடு, தியாகத்தைப் புகழ்வதற்கு முன்னர் தன்னைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

பெண் பிள்ளைகளிடம் கேட்பது

போர் இல்லாத வீடுகளிலும் இந்தக் கேள்வி உண்டு. பெண் பிள்ளைகளிடம் மட்டும் அது சத்தமில்லாமல் கேட்கப்படும். அக்கா படிப்பை நிறுத்தினால் தம்பி படிக்கலாம். மூத்தவள் வெளியூர் போகாமல் இருந்தால் அம்மாவைப் பார்க்க ஆள் இருக்கும். எவரும் ஆணையிடுவதில்லை, ஆசீர்வாதத்தின் பேரில் கேட்பதுமில்லை. பிள்ளை தானே புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும். அவள் கொடுத்த பிறகு அதற்குத் தியாகம் என்ற பெயரும் கிடைக்காது. 'நல்ல பிள்ளை' என்பதோடு முடிந்துவிடும்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இந்தத் துறைமுக ஊரில் பெண் பிள்ளைகளுக்காக ஒரு பாடசாலையைத் தொடங்கியபோது, அந்தக் கட்டடம் சொன்ன முதற் செய்தி 'உன் வாழ்வும் ஒரு பொருட்டு' என்பதுதான். 1945இல் இலவசக் கல்வி வந்தது. தம்பியின் படிப்புச் செலவுக்காக அக்கா விலக வேண்டும் என்ற வாதம் அதனால் வலுவிழந்தது. புத்தகத்தோடு ஒரு பெண் பிள்ளை வீதியில் நடந்து வருவதே அன்று சில பெரியவர்களுக்குத் தன்னலமாகத் தோன்றியிருக்கும். அந்தத் 'தன்னலத்தால்' எத்தனை தாதியர், ஆசிரியைகள், வைத்தியர்கள், எழுதுவினைஞர்கள் இந்த மாவட்டத்துக்குக் கிடைத்தார்கள் என்பதை இம்மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். தன்னைக் காத்துக்கொள்ளாத ஒருத்தியால் நெடுங்காலம் பிறரைக் காக்கவும் முடிவதில்லை.

போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும்

இந்த மலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் சென்னையிலும் படிக்கப்படும். நம்மில் பாதிப்பேர் கப்பலில் போனவர்கள். கரையில் தாயையும் தகப்பனையும் விட்டுப் போனோம். பலரை அந்தத் தாய் தகப்பனே போகச் சொல்லி அனுப்பினார்கள். 'நீயாவது போய்ச் சேர்' என்று சொன்னவர்கள், கப்பலை உள்ளே வரவேண்டாம் என்று சொன்ன கப்பற்றலைவரைப் போன்றவர்கள். திரும்பி வா என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்காததுதான் அவர்களுடைய தியாகம். சாவீட்டைத் தொலைபேசியில் கேட்டு அழுதவர்களுக்கு இது தெரியும்.

தாயின் கடனைக் கழிக்க இராவணன் உண்டாக்கினான் என்று சொல்லப்படும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் நம் கன்னியாவில் இருக்கின்றன. பெற்றவருக்குக் கடன் என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு ஆழமானது. அது நல்ல எண்ணம். ஆனால் கடன் என்றால் அதற்கு ஓர் எல்லையும் உண்டு. வராமல் போனவர்களை ஊரில் இருந்தவர்கள் நன்றி கெட்டவர்கள் என்பதும், போகாமல் இருந்தவர்களை வெளியே போனவர்கள் பிழைக்கத் தெரியாதவர்கள் என்பதும் இனி வேண்டாம். அந்த ஏப்ரல் நாளில் கடலுக்குப் போனவர்களும் கரைக்கு வந்தவரும் ஒருவரை ஒருவர் பழித்ததாக நொக்ஸின் நூலில் இல்லை.

இன்று நம்மில் பலர் தாய்மார், அதிபர்கள், சங்கத் தலைவிகள், மேலதிகாரிகள். திரும்பி வா என்று கேட்கும் அதிகாரம் இப்போது நம் கையில் இருக்கிறது. மகளிடம் ஒன்றைக் கேட்கும்போது, இளைய ஆசிரியையிடம் மேலதிக வேலையைக் கேட்கும்போது, ஊரில் இருக்கும் தங்கையிடம் அம்மாவின் பொறுப்பு முழுவதையும் விடும்போது, நாம் மூன்றை விசாரித்துக்கொள்வோம். இதன் விலையைக் கொடுப்பவர் யார்? 'முடியாது' என்று சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா? அதில் ஒரு பங்கை நாமும் சுமக்கிறோமா? இவற்றுக்கு நேர்மையான விடை இல்லையென்றால் கேட்காமல் இருப்பதே நம் பங்கான தியாகம். ஏற்கெனவே கேட்டுவிட்டோம் என்றால், அந்தத் தந்தை கடைசி மாலைவரை பிற்போட்ட வார்த்தையை நாம் இன்றே சொல்லிவிடலாம்.